வல்வெட்டித்துறையில் பழைய வீட்டைத் திருத்துகிறோம், அறைக்குள் ரேடன் அளந்து பார்க்க வேண்டுமா?

வல்வைப் பெண்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு வல்வெட்டித்துறையில், வீதியைக் கடந்தால் கடல். அப்பப்பா காலத்துக் கல்வீடு. அதைத்தான் இப்போது திருத்திக்கொண்டிருக்கிறோம். நடு அறையை அம்மாவுக்கென்று ஒதுக்கி, பழைய நிலத்தைக் கிண்டி எடுத்துவிட்டுப் புதிதாகக் கொங்கிறீட் போட்டு, அலுமினிய யன்னல் வைத்து, ஏசியும் பூட்டுவதாக இருக்கிறோம். அம்மாவுக்கு முட்டு வருத்தம், தூசி படக்கூடாது என்று டொக்டர் சொன்னதால்தான் இவ்வளவு செலவும்.

இதற்கிடையில் கனடாவில், பிராம்டனில் இருக்கும் அண்ணா தன் வீட்டு பேஸ்மென்ற்றில் ரேடன் என்ற வாயுவை அளந்திருக்கிறார், 310 பெக்கெரல் என்று வந்ததாம். உடனே ஆளைப் பிடித்து நிலத்தைத் துளைத்து பைப் வைத்து ஃபேன் பூட்டியிருக்கிறார். இப்போது கோல் எடுக்கும்போதெல்லாம் "அம்மாவை அடைத்த அறைக்குள் படுக்க விட முதல் அங்கேயும் அளந்து பார்" என்று ஒரே பிடியாக நிற்கிறார். இங்கே மேசனிடம் கேட்டால் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்கிறார். பேஸ்மென்ற் இல்லாத எங்கள் வீடுகளில் இது வருமா? கடற்கரைக்குக் கிட்ட இருப்பதால் கூடுமா குறையுமா? அளப்பதென்றால் எதை வைத்து அளப்பது? நாங்கள் குடிப்பதும் வளவுக் கிணற்றுத் தண்ணீர்தான், அதிலும் இது இருக்குமா? அடுத்த கிழமை நிலத்துக்குக் கொங்கிறீட் போடுகிறார்கள், அதனால் கொஞ்சம் அவசரம்.

பௌதிகம் படிப்பித்தவர்:

பிள்ளை, நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். நிலம் போட்ட பிறகு கேட்டிருந்தால் பாதி வழி அடைபட்டிருக்கும்.

யுரேனியம் துளியும் இல்லாத மண் உலகத்தில் இல்லை, எல்லா இடத்திலும் கொஞ்சமாவது இருக்கும். அது சிதைந்து சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதையும்போது ரேடன் வருகிறது. மற்றவை மண்ணோடு மண்ணாகக் கிடக்க, இது வாயு என்பதால் எழும்பி வரும். நிறமில்லை, மணமில்லை. அரைவாழ்வுக் காலம், அதாவது இருப்பதில் பாதி சிதைய எடுக்கும் நேரம், 3.8 நாள். ஆகவே மண்ணுக்குள்ளிருந்து வெடிப்பு வழியாக வீட்டுக்குள் வந்து சேர அதற்குப் போதிய நேரம் உண்டு. வெளியே வந்தால் காற்றோடு கரைந்து போய்விடும், திறந்த வெளியில் கன மீட்டருக்கு 10 பெக்கெரல் அளவில்தான் இருக்கும் (செக்கனுக்கு ஒரு அணு சிதைந்தால் ஒரு பெக்கெரல்). அடைத்த அறையில்தான் தேங்கும். உலக சராசரியாக வீடுகளுக்குள் 40 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2009 இல் 100ஐ வரம்பாகச் சொன்னது, அதற்குள் நிற்க முடியாத நாடுகள் 300ஐத் தாண்டக்கூடாது என்றும் சொன்னது. அண்ணாவின் 310 அதற்கும் மேல், அவர் செய்தது சரியான வேலை.

ரேடனைச் சுவாசித்தால் அதில் பெரும்பகுதி மூச்சோடு வெளியே வந்துவிடும். கேடு செய்வது அதிலிருந்து பிறக்கும் பொலோனியம் போன்ற திண்மத் துகள்கள். அவை நுரையீரல் சுவரில் ஒட்டிக்கொண்டு அல்பாக் கதிரை விடும். வருடக்கணக்கில் இப்படி நடந்தால் நுரையீரல் புற்றுநோய்க்கான வாய்ப்புக் கூடும். நீண்டகாலச் சராசரி 100 பெக்கெரல் கூடும்போது ஆபத்து 16 வீதம் அளவில் கூடுகிறது என்று ஐரோப்பிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அம்மாவின் முட்டுக்கும் ரேடனுக்கும் தொடர்பில்லை, அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இன்று மூச்சு முட்டுவதற்கு இது காரணமும் இல்லை, நாளைக்கே ஏதாவது ஆகிவிடும் என்று பயப்படவும் வேண்டாம்.

இனி எங்கள் நிலத்துக்கு வருவோம். யாழ்ப்பாணம் முழுக்க அடியில் சுண்ணக்கல். சுண்ணக்கல்லில் பொதுவாக யுரேனியம் குறைவு, கருங்கல் மலை நாடுகளோடு பார்த்தால் இது ஆறுதல்தான். ஆனால் எங்களுடையது இறுகிய பாறை இல்லை, உள்ளெல்லாம் பொந்தும் பிளவும். கீரிமலையில் கடல் ஓரத்திலேயே நன்னீர் ஊறி வருவதும், புத்தூர் நிலாவரைக் கிணற்றின் ஆழமும் அதனால்தான். நீர் ஓடும் அதே பிளவுகள் வழியாக வாயுவும் ஓடும். இங்கிலாந்தில் டார்பிஷயர் என்ற இடம் சுண்ணக்கல் பகுதி, அங்கே ரேடன் கூடிய வீடுகள் நிறைய இருப்பதற்கு இந்தப் பிளவுகளும் ஒரு காரணம். இன்னொன்று, சுண்ணக்கல் கரைந்து மிஞ்சும் செம்மண்ணில் ரேடியம் கல்லில் இருந்ததைவிடச் செறிந்து நிற்பதுண்டு. வலிகாமத்தில், உரும்பிராய் கோப்பாய்ப் பக்கம் செம்மண். உங்கள் பக்கம் கொத்தினால் கல் தட்டும். அதற்காக அங்கே கூடுதல், இங்கே குறைவு என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. 1984 இல் பென்சில்வேனியாவில் ஒரு அணுமின் நிலையத்தில் வேலை செய்த ஸ்ரான்லி வொட்ராஸ் என்பவர் வாசலில் கதிர்வீச்சுச் சோதனையில் மாட்டிக்கொண்டே இருந்தார். நிலையம் இன்னும் மின் உற்பத்தியே தொடங்கவில்லை. பிறகு பார்த்தால் அவர் அதைக் கொண்டு வந்தது வீட்டிலிருந்து. வீட்டுக்குள் கன மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் பெக்கெரல், பக்கத்து வீட்டிலோ அப்படி எதுவும் இல்லை. வீட்டுக்கு வீடு அவ்வளவு மாறும், ஆகவே அளந்துதான் பார்க்க வேண்டும்.

ஸ்காபரோ தம்பி:

அக்கா, அளக்கும் விஷயத்தை நான் சொல்கிறேன், இங்கே நாங்கள் இதோடுதான் இருக்கிறோம். கனடாவில் 2007 வரைக்கும் வரம்பு 800, பிறகு 200 ஆகக் குறைத்தார்கள். 2009 தொடக்கம் 2011 வரை நாடு முழுக்க வீடுகளில் அளந்தபோது நூற்றுக்கு ஏழு வீடு 200க்கு மேல். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வந்த புதிதில் பேஸ்மென்ற்றில்தான் வாடகைக்கு இருக்கிறார்கள், அதனால் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் நான் இதைச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

முதலில், கரி நிரப்பிய சின்ன டப்பாவில் சில நாள் வைத்து அளப்பது ஒன்று உண்டு. மலிவு என்று அதை வாங்கி விடாதீர்கள். கரி உறிஞ்சிய ரேடனும் 3.8 நாளுக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகும், மூடிய கையோடு ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வல்வெட்டித்துறையிலிருந்து வெளிநாட்டுக்குத் தபாலில் போய்ச் சேர்வதற்குள் அளப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. அதோடு கடற்கரை ஈரப்பதனும் கரியைக் கெடுக்கும்.

உங்களுக்குச் சரிவருவது அல்பாத் தடம் பதியும் பிளாஸ்ரிக் துண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும், கரண்ட் தேவையில்லை, பற்றரி தேவையில்லை. கதிர் பட்ட தடம் பிளாஸ்ரிக்கில் அப்படியே நிற்கும், எத்தனை கிழமை கழித்து ஆய்வுகூடம் போனாலும் எண்ணிச் சொல்வார்கள். குறைந்தது மூன்று மாதம் வைக்க வேண்டும், வருடம் முழுக்க வைத்தால் இன்னும் நல்லது. வந்த பையை அறையில் வைக்கும் நேரத்தில்தான் உடைக்க வேண்டும், எடுத்ததும் திரும்ப இறுக்கி மூட வேண்டும், மூடாவிட்டால் தபால் கந்தோரில் இருக்கிற காற்றையும் சேர்த்து அளந்துகொண்டே போகும். திகதியை எழுதி வையுங்கள். இல்லையென்றால் எயர்திங்ஸ் மாதிரிப் பற்றரியில் ஓடும் கருவியை அண்ணா வாங்கி அனுப்பலாம், அது இலக்கத்தைத் திரையிலேயே காட்டும். ஆனால் ஒரு நாள் காலையில் 150 என்று பார்த்துவிட்டு அம்மாவை எழுப்பி வேறு அறைக்கு மாற்றாதீர்கள், அது மணிக்கு மணி ஏறி இறங்கும். நீண்டகாலச் சராசரி என்று ஒன்று காட்டும், அதை மட்டும் பாருங்கள்.

வைக்கும் இடம் அம்மா படுக்கும் உயரத்தில் ஒரு அலுமாரி அல்லது மேசை. சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது, யன்னலோரம் வேண்டாம், ஏசி நேரே வீசும் இடமும் வேண்டாம். குசினி, குளியலறை இரண்டும் சரிவராது. அறையை எப்படிப் பாவிக்கப் போகிறீர்களோ அப்படியே பாவிக்க விட்டு அளவுங்கள். அளக்கிறோம் என்று யன்னலைத் திறந்து வைத்தால் அம்மா இருக்கப் போகும் அறையை அளந்ததாகாது.

சுன்னாகத்தான்:

குறை நினைக்க வேண்டாம், இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஆட்கள் காலையில் இருந்து இரவு வரை கதவு யன்னல் திறந்து வைத்துச் சீவிக்கிறவர்கள். குளிர் நாட்டில் வீட்டுக்குள் சூடாக்கி, சூடான காற்று மேலே போக, கீழே நிலத்திலிருந்து காற்றை இழுக்கிறது, அதுதான் அங்கே பிரச்சினை. சோளகம் வீசுகிற நாளில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு பேப்பர் நிற்காது, ரேடன் எங்கே நிற்கப் போகிறது?

யாழ்ப்பாணத்தான் முதலில் பார்க்க வேண்டியது கிணற்றுத் தண்ணீர். தோட்டத்துக்குப் போட்ட பசளை எல்லாம் செம்மண் வழியாக இறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றில் நிற்கிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, வலிகாமத்தில் அதைத் தாண்டிய கிணறுகள் எத்தனையோ. கைக்குழந்தைக்கு மா கரைக்கிற தண்ணீர் அதுதான். கொதிக்க வைத்தால் போகுமென்று நினைக்கிறார்கள், போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். எங்கள் பக்கம் கிணறுகளில் எண்ணெய் மிதந்த காலத்தை இன்னும் மறக்கவில்லை. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் எத்தனை அடி என்று முதலில் அளக்கச் சொல்லுங்கள். ரேடன் பிறகு.

பௌதிகம் படிப்பித்தவர்:

தம்பி, கிணற்றைப் பற்றி நீங்கள் சொல்வது ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. பிள்ளை, நைத்திரேற்றையும் கிருமியையும் ஆய்வுகூடத்தில் பார்ப்பித்து விடுங்கள், அதற்கு மூன்று மாதம் காத்திருக்கத் தேவையில்லை.

தண்ணீரில் ரேடன் கரைந்திருக்கும், அதுவும் நிலத்தடி நீரில்தான். ஆனால் நைத்திரேற்றுக்கு நேர்மாறாக, கலக்கினால் போகும், கொதிக்க வைத்தால் போகும். திறந்த கிணற்றிலிருந்து மோட்டரில் இறைத்துக் கூரைத் தாங்கிக்கு ஏற்றும்போதே கொஞ்சம் பறந்துவிடும். வீட்டுக் காற்றுக்கு அது எவ்வளவு சேர்க்கும் என்பதற்குப் பத்தாயிரத்தில் ஒன்று என்று ஒரு கணக்கு உண்டு. லீற்றருக்கு 100 பெக்கெரல் இருக்கிற தண்ணீரைப் புழங்கினாலும் அறைக் காற்றில் கூடுவது கன மீட்டருக்கு 10 தான். குழாய்க் கிணற்றிலிருந்து தாங்கி இல்லாமல் நேரே ஷவருக்கு எடுப்பவர்கள் மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம்.

திறந்த வீடு என்ற கதைக்கு வருகிறேன். சோளகத்தில் விறாந்தையில் நிற்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிள்ளை கேட்டது விறாந்தையைப் பற்றியா? அலுமினிய யன்னலை இறுக்கிப் பூட்டி ஏசி போட்ட அறையைப் பற்றி. வீட்டு ஏசி வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை, அறைக்குள் இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பக் குளிராக்கும். அம்மா இரவு முழுக்கவும் மத்தியானமும் அதற்குள்தான். அப்புறம் மாரி. மழை பெய்து முற்றத்து மண் நீர் ஊறி நின்றால், மண்வாயு அதன் வழியே வெளிவர முடியாமல் நனையாத மண்ணைத் தேடும், நனையாத மண் இருப்பது வீட்டுக்கு அடியில். கிணற்று நீர் மட்டம் உயர உயரக் கல்லுப் பொந்துகளில் இருந்த காற்றும் மேலே தள்ளப்படும். அந்த மாதங்களில்தான் வாடைக்குப் பயந்து யன்னலையும் சாத்துவோம். ஆகவே அளப்பதென்றால் ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் அளவுங்கள், கோடையில் மட்டும் அளந்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். நாங்கள் கட்டுகிற வீடு மாறிக்கொண்டு வருகிறது. காற்றோட்டம் நல்லதென்று பழைய வீட்டை வைத்துச் சொல்லிக்கொண்டு, அடைத்த பெட்டியாகப் புது வீடு கட்டினால் எப்படி?

வீட்டில் புகைப்பவர்கள் யாராவது இருக்கிறார்களா?

வல்வைப் பெண்:

சேர், மாமா சுருட்டுப் பிடிப்பார். விறாந்தையில் இருந்துதான், ஆனால் மழைக்குள் உள்ளே வந்துவிடுவார்.

பௌதிகம் படிப்பித்தவர்:

அப்படியானால் கருவி வர முதலே செய்ய வேண்டிய வேலை அது. ரேடனால் வரும் ஆபத்து, புகைக்காதவரைவிடப் புகைப்பவருக்கு 25 மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முட்டுக்காரர் இருக்கும் வீட்டில் ரேடன் இல்லாவிட்டாலும் புகை கூடாது. மாமாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அம்மாவின் பெயரைச் சொன்னால் கேட்பார்.

கட்டட வேலைக்காரன்:

நான் கட்டட மேற்பார்வை செய்கிறவன், நெல்லியடி. அடுத்த கிழமை கொங்கிறீட் என்று அக்கா எழுதியதைப் பார்த்துத்தான் இதற்குள் வருகிறேன்.

பழைய கல்வீட்டில் நிலத்தைக் கிண்டிப் புதிதாகப் போட்டால், கொங்கிறீட் காய்ந்து சுருங்கும்போது சுவர் ஓரத்தில் சுற்றிவர மயிர் அளவுக்கு ஒரு வெடிப்பு விழும். மேலே மாபிள் பதித்துச் சாந்தால் பூசிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. சில மாதம் கழித்துப் பாருங்கள், சுவரும் நிலமும் சேரும் மூலையில் எறும்பு பொடி மண்ணைக் கொண்டுவந்து சின்னச் சின்னக் கும்பியாகக் கொட்டியிருக்கும். கீழே இருக்கிற மண் மேலே வருகிறதென்றால் வாயுவுக்கும் அதே வழி திறந்திருக்கிறது. இன்னொரு இடம் பாத்றூம் பைப். பிளம்பர் இரண்டு அங்குலப் பைப்புக்கு ஆறு அங்குலத்துக்குக் கொத்துவார், சுற்றி இரண்டு கரண்டி சாந்தைத் தள்ளிவிட்டுப் போவார், அடியில் முழுக்கப் பொந்து. அறையோடு சேர்த்துக் குளியலறை கட்டுவதென்றால் அதைப் பக்கத்தில் நின்று அடைப்பியுங்கள்.

நிலம் போட முதல், மண்ணை நன்றாகத் தண்ணீர் விட்டு அடித்து இறுக்கிவிட்டு, அதன் மேல் நான்கு அங்குலத்துக்குச் சல்லி மட்டும் பரவச் சொல்லுங்கள், மணல் கலக்காமல். சல்லிக்கு இடையில் காற்று நடமாட வேண்டும், அதுதான் விஷயம். அந்தச் சல்லிக்குள் நாலு அங்குல பிவிசி பைப் ஒன்றைப் படுக்க வைத்து, படுத்திருக்கும் பகுதியில் துளைகள் போட்டு, ஒரு முனையைச் சுவர் ஓரமாக மேலே எடுத்து மூடி போட்டு விடுங்கள். சல்லிக்கு மேல் ஆயிரம் கேஜ் பொலித்தீன், பொருத்து வரும் இடத்தில் ஒரு அடிக்கு ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு ரேப் ஒட்ட வேண்டும், சுவரில் கொஞ்சம் ஏற்றி விட வேண்டும். இதை எப்படியும் ஈரம் ஏறாமல் இருக்கப் போட வேண்டியதுதான், கடற்கரை வீட்டில் போடாவிட்டால் மாபிளில் உப்புப் பூக்கும். கம்பி கட்டுகிற பெடியன்கள் அதன் மேல் நடந்து கிழிப்பார்கள், கிழிந்த இடத்துக்கு அப்போதே ஒட்டுப் போட வேண்டும். கொங்கிறீட் காய்ந்த பிறகு சுவர் ஓர வெடிப்புக்குச் சிலிக்கன் அடியுங்கள், சீமெந்துத் தண்ணீர் ஊற்றி அடைத்தால் திரும்ப வெடிக்கும்.

அளந்து கூடவாக வந்தால் அந்த பைப்பைக் கூரைக்கு மேலே நீட்டிச் சின்ன ஃபேன் ஒன்றைப் பூட்டினால் சரி, அண்ணாவுக்கு அங்கே செய்ததும் இதே வேலைதான். குறைவாக வந்தால் பைப் சும்மா கிடக்கட்டும். இப்போது வைப்பதென்றால் பைப் காசு மட்டும்தான், பிறகென்றால் பதித்த மாபிளை உடைக்க வேண்டும்.

பழைய வீட்டில் சுவருக்கு மேல் காற்றுப் போக ஓட்டை விட்டிருப்பார்களே, ஏசி பூட்டுகிறோம் என்று அதையெல்லாம் சீமெந்தால் அடைக்காதீர்கள். திறந்து மூடக்கூடிய தகடு போட்டு, ஏசி நிற்கிற நேரம் திறந்து விடுங்கள். தூசிக்கு வலை அடித்தால் போதும்.

மணற்காட்டான்:

இந்தப் பக்கம் வீடு கட்டக் கடற்கரை மணல்தான் ஏற்றுகிறார்கள். கேரளாவில் கடற்கரை மணலில் கதிர்வீச்சு இருக்கிறதென்று படித்திருக்கிறேன், புல்மோட்டையிலும் கனிய மணல் எடுக்கிறார்கள். அந்த மணலில் கட்டின சுவரால் இது வராதா?

பௌதிகம் படிப்பித்தவர்:

நல்ல கேள்வி. கேரளத்துக் கருநாகப்பள்ளியில் மணலில் மொனசைட் என்ற கனியம் இருக்கிறது, அதற்குள் தோரியம். எங்கள் நாட்டில் பேருவளைக் கடற்கரையில் மொனசைட் உண்டு. புல்மோட்டையில் முக்கியமாக எடுப்பது இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன். மணல் கறுப்பாக இருந்தால் மொனசைட் என்று நினைக்க வேண்டாம், இல்மனைட்டும் கறுப்புத்தான், மொனசைட் மஞ்சளும் கபிலமும் கலந்த நிறம்.

தோரியத்திலிருந்து வருவது தோரன், ரேடனின் இன்னொரு வகை. அதன் அரைவாழ்வு ஒரு நிமிடத்துக்கும் குறைவு, ஏறத்தாழ 56 செக்கன். சுவரிலிருந்து வந்தால் சுவருக்குக் கிட்டவே பெரும்பாலும் முடிந்துவிடும். கருவியைச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம் என்று ஸ்காபரோ தம்பி சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், சில கருவிகள் தோரனையும் ரேடனாக எண்ணிவிடும். கருநாகப்பள்ளி மக்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில், அந்த மணலின் காமாக் கதிரால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அது அடைத்த அறைக்குள் சுவாசிக்கும் வாயுவைப் பற்றிய கணக்கு இல்லை, இரண்டையும் ஒன்றாக எடுக்கக் கூடாது. பெரும்பாலான வீடுகளில் சுவரைவிட அடி நிலம்தான் பெரிய வழி.

வல்வைப் பெண்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மேசனோடு கதைத்துவிட்டேன், சல்லியும் பொலித்தீனும் போட ஒத்துக்கொண்டார், பைப் எதற்கென்று விளங்காவிட்டாலும் வைத்துத் தருகிறேன் என்றார். அண்ணா பிளாஸ்ரிக் துண்டு இரண்டு அனுப்புகிறார், ஒன்று அம்மாவின் அறைக்கு, மற்றது மாமா படுக்கும் அறைக்கு. ஐப்பசியில் வைத்துத் தைப்பொங்கல் முடிய எடுப்போம். கிணற்றுத் தண்ணீரைக் கொடுக்க நாளைக்கே போத்தல் எடுத்துப் போகிறேன். துண்டை இங்கேயே கொடுத்து எண்ணுவிக்க முடியுமா?

ஸ்காபரோ தம்பி:

அந்தத் துண்டு எந்த ஆய்வுகூடத்திலிருந்து வந்ததோ அங்கேதான் திரும்பப் போக வேண்டும் அக்கா, துண்டுக்குக் கொடுக்கும் காசிலேயே எண்ணுகிற கூலியும் சேர்ந்திருக்கும். அங்கே ஆலோசனை கேட்பதென்றால் ஒருகொடவத்தையில் இருக்கிற இலங்கை அணுசக்தி சபைக்கு எழுதிக் கேளுங்கள், கதிர்வீச்சு அளப்பது அவர்களின் துறை. 100க்குக் கீழே வந்தால் விட்டுவிடுங்கள். 100க்கும் 300க்கும் இடையில் வந்தால் முதலில் வெடிப்பை அடைத்து, காற்றோட்டத்தைக் கூட்டித் திரும்ப அளவுங்கள். 300க்கு மேல் என்றால் ஃபேன்தான்.

கட்டட வேலைக்காரன்:

அக்கா, பைப் மூடியின் மேல் பெயின்றால் "நிலவாயு பைப், தண்ணீர் விட வேண்டாம்" என்று எழுதி விடுங்கள். எழுதாவிட்டால் அடுத்து வருகிற பிளம்பர் கழிவுத் தண்ணீர் லைன் என்று நினைத்து வாஷ்பேசினை அதில் கொடுத்துவிடுவார். கொங்கிறீட் போடும் அன்று காலையில் பொலித்தீன் விரித்ததைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.